இடது கண்ணுக்கு எழுதிய செய்யுள்

1982 நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி ஐம்பத்து நான்கு நிமிடம். அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். ஆகவே இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. மொட்டை மாடியிலிருந்து என் அண்ணன் குரல் கொடுத்தான்.

"ஏத்திட்டாங்கம்மா!"

எங்கள் ஊரில் கார்த்திகையன்று மலையுச்சியில் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு வைப்பார்கள். காலையிலிருந்து விரதம் இருப்பவர்கள் அதன் பிறகுதான் வாயில் எதையும் போடுவார்கள். எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து மலை தெரியாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் மாடியில் நின்று பார்த்துச் சொல்வோம்; கீழே அம்மா முதல் விளக்கை ஏற்றுவாள். அந்த ஆண்டு அந்த வேலை அண்ணனுக்கு வந்தது. வேறு எந்த வேலையும் செய்ய முடியாதபடி அவன் இருந்தான் என்பதே காரணம்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் நடந்த குத்துச்சண்டையில் அவன் வென்றிருந்தான். வலது புருவத்தில் ஏழு தையல். திங்கள் மாலை, உடன் வந்தவன் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது வலது கண்ணில் ஒரு கீற்றாவது திறந்திருந்தது. செவ்வாய் காலையில் அதுவும் மூடிவிட்டது. இடது கண்ணில் ஒரு கீறலும் இல்லை. பக்கத்து வீட்டு லாரி ஷெட்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, ஜெயிச்சவன் மூஞ்சியே இப்டின்னா, தோத்தவன இன்னேரம் எரிச்சிட்டிருப்பாங்களே!" என்றார். அண்ணனும் சிரித்தான். தையல் இழுத்ததால் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டான்.

பகல் முழுவதும் கட்டிலில்தான் கிடந்தான். "டேய், படுத்தே கெடக்காத," என்று அம்மா எழுப்பினாள். "ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு. மேல போய் நில்லு. ஏத்தினதும் ஒரு குரல் குடு, போதும்." அவன் மறுக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே படியேறினான். தலை சுற்றுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் குரல் கேட்டதும் அம்மா தயங்கினாள். "இன்னும் ஆறு ஆவலையே?" என்றாள். அப்போது அப்பா சொன்னார்: "அவந்தான் பாத்து சொல்றான் இல்ல? ஏத்து." பதினெட்டு மாதங்களாக அண்ணனைப் பற்றி எதுவும் பேசாதிருந்தவர் அவர். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு தீக்குச்சியைக் கிழித்தாள்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் வைப்பதற்காக நான்கு அகல்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு மேலே போனேன். பதின்மூன்று படிகள். மலை முழுவதும் கறுத்திருந்தது. உச்சியில் ஒரு பொறிகூட இல்லை.

"எங்கண்ணா?"

"தோ, உச்சியில. நல்லா எரியுது பாரு."

அவன் கையை நீட்டிக் காட்டினான். திசை சரியாகவே இருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த மலை. அவன் முகத்தில் தீபத்தைப் பார்ப்பவர்களுக்கு வரும் பணிவுகூட இருந்தது. அடுத்த மாடியில் லாரி ஷெட்காரரும் அவருடைய ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஒரு அரோகரா போட்டேன், மூணு வூட்ல வெளக்கு ஏத்திட்டாங்கய்யா! வருசா வருசம் ஏமாறுறதுக்குன்னே இருக்கீங்களா?"

அண்ணனின் கை மெல்ல இறங்கியது.

ஆறு மணிக்குத் தீபம் உண்மையாகவே எழுந்தது. ஊர் முழுவதும் ஒரே குரலாக முழங்கிற்று. எல்லா மாடிகளிலும் எல்லா முகங்களும் ஒரு புள்ளியை நோக்கி நிமிர்ந்தன. அண்ணனும் கைகூப்பினான். ஆனால் அவன் முகம் அந்தப் புள்ளிக்கு ஒரு சாண் கீழே, மலையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டிலிருந்து ஓர் அகலை எடுத்து அவனுடைய இடது கண்ணுக்கு முன்னால் நீட்டினேன். கண் இமைக்கவில்லை. இன்னும் அருகில் கொண்டுபோனேன். கருவிழியில் சுடர் சிறியதாக, தெளிவாக, அசையாமல் தெரிந்தது. சூடு பட்ட பிறகுதான் அவன் தலையைப் பின்னுக்கு இழுத்தான்.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றான்.

அகலைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்கள் அதிர்ச்சி என்று எதைச் சொல்வார்களோ தெரியாது. எனக்கு அது ஒரு கணக்கைப் போல வந்தது. இந்தக் கண்ணில் பார்வை இல்லை. இந்தக் கண்ணில் பார்வை இருப்பதாகச் சான்றிதழ் இருக்கிறது. அந்தச் சான்றிதழை வாங்கிக் கொடுத்தவள் நான்.

அவனுடைய தொழிலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். 1975இல் கல்லூரி முதலாண்டில் என்.சி.சி. முகாமுக்கு வேலூர் போனவன், பிளந்த உதட்டோடும் விரலளவு வெள்ளிக் கோப்பையோடும் திரும்பி வந்தான். அடுத்த வாரமே எண்ணெய் மில்லுக்குப் பின்னாலிருந்த காலி மனையில், வேப்பங்கிளையில் ஒரு கோணிப்பை தொங்கியது. கீழ்பென்னாத்தூரில் சித்தப்பாவின் நிலத்திலிருந்து வந்த மல்லாட்டைத் தோலை அதில் அடைத்திருந்தான். அவன் குத்தக் குத்தச் செந்தூசி எழும்பும். துவைத்த பிறகும் அவன் பனியன்களில் வேர்க்கடலை வாசம் போகாது. எடை குறைக்க வேண்டிய வாரங்களில் அப்பாவின் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல், விடியலில் மலையைச் சுற்றி ஓடுவான். ஆசிரமத்துப் பக்கத்தில் குடியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் இவனைக் கடும் வேண்டுதல்காரன் என்று நினைத்துக் கைகூப்பினாராம். அதை நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்பான்.

ஆறு ஆண்டுகள் அவன் அமெச்சூர் வீரன். மூன்று சுற்று, மேலே பனியன், கையில் கனத்த உறை, மேடையோரத்தில் ஒரு மருத்துவர். ஒருமுறை வேலூரில் நானும் பார்த்தேன். எதிராளிக்கு மூக்கில் ரத்தம் வந்ததுமே மருத்துவர் ஏறி நிறுத்திவிட்டார். "இவ்வளவுதானா?" என்று ஏமாந்துபோன கூட்டத்தின் நடுவே, இவ்வளவோடு நின்றதே என்று நான் மட்டும் மூச்சு விட்டேன். 1981 மே மாதம் சென்னையில் மாநில இறுதிப் போட்டியில் தோற்று, இரண்டாம் இடத்தோடு வந்தான். அந்த இரண்டாம் இடத்துக்கே விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு அழைப்பு வந்தது. உடல் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அவன் போகவில்லை. தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போகிறேன் என்றான்.

தொழில்முறை என்றால் பனியன் இல்லை, சுற்றுகள் அதிகம், உறை மெலிது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு முறை மேடையேறிவிட்டால் அமெச்சூர் போட்டிக்கும், அதை நம்பி வரும் வேலைக்கும் திரும்ப வழியில்லை. அப்பா, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்தவர், அன்று சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கார் வேலைய வேணாம்னு சொல்லிட்டு, அடி வாங்கி சம்பாதிக்கறேன்றான். பேராச. இனிமே இவன் பேச்ச என்கிட்ட எடுக்காதீங்க." எங்கள் தெருவும் அதையேதான் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நினைத்தேன்.

அந்த ஆண்டு டிசம்பரில் அவன் என்னிடம் வந்தான். சண்டையை நடத்துகிறவர்கள் ஊர் மருத்துவர் ஒருவரிடமிருந்து கண் பார்வைச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றான். "கண்ணு நல்லாத்தான் இருக்கு பாப்பா. டாக்டர் முன்னாடி நின்னாத்தான் நாக்கு ஒட்டிக்குது. ரெண்டு எழுத்து தப்பானா லைசென்ஸ் போயிடும். நீ போய் அந்த எழுத்து அட்டையப் பாத்துட்டு வா, எனக்கு ஏறுற மாதிரி எழுதிக் குடு."

நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. வாய்மொழித் தேர்வில் பேச்சே வராமல் நின்று திரும்பியவன் அவன். பார்த்துப் படித்தால் அவனுக்கு எதுவும் ஏறாது. ஓசையோடு சொன்னால் ஏறும். அவனைவிட ஐந்து வயது இளையவளான நான், அவனுடைய வரலாற்றுப் பாடங்களைச் செய்யுளாக்கிக் கொடுத்திருக்கிறேன். கயிறு தாண்டிக்கொண்டே சொல்லுவான். ஒவ்வொரு சீருக்கும் கயிறு ஒருமுறை தரையைத் தட்டும். மூன்று பானிப்பட்டுப் போர்களையும் அப்படித்தான் தாண்டினான்.

எனக்கு அப்போது தலைவலி இருந்தது. இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு அந்த மருத்துவரிடம் போக எனக்குத் துணிவு வந்திருக்காது, இருந்ததால் போனேன். சுவரில் எழுத்து அட்டை தொங்கியது. மேலே பெரிதாக ஓர் எழுத்து, கீழே இறங்க இறங்கச் சிறிதாக, ஏழு வரி. என் முறை வருவதற்குள் மனப்பாடமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, ஒவ்வோர் எழுத்திலும் ஒரு சொல் தொடங்குமாறு கட்டினேன். முதல் மூன்று வரி இன்றும் மறக்கவில்லை:

ரதம்
பகலில் கடக்கும்
மலையை வலமாய்த் தழுவும்

இரதம் என்று எழுதுவதே முறை. அட்டையில் ரகரம் இருந்ததால் முறையை மீறினேன். அதற்காக ஒரு நாள் முழுவதும் சங்கடப்பட்டேன். அந்தக் காரியத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான் என்று எண்ணியிருந்தேன்.

மருத்துவர் வரிசை மாற்றிக் கேட்பார் என்று அதற்கும் பழக்கினேன். "மூணாவது வரி, கடைசி எழுத்து?" என்பேன். கயிறு நிற்காது. "தழுவும். த!" என்பான். சான்றிதழோடு அவன் வந்த அன்று, "வாழ்க்கைல மொத தடவ ஃபர்ஸ்ட் க்ளாஸ் பாப்பா," என்று எனக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தான். அந்தப் பேனாவில்தான் கல்லூரிக் குறிப்புகளை எழுதி வந்தேன்.

அதன் பிறகு 1982இல் நான்கு சண்டைகள், நான்கிலும் வெற்றி. அமெச்சூரில் இடது கையை முன்னே நீட்டி நின்றவன், தொழில்முறையில் வலது கையை முன்னே நீட்டி நின்றான். எதிராளிகள் குழம்பினார்கள். டீக்கடையில் அதைப் புதுப் பாணி என்று பேசினார்கள்; சுவரொட்டியில் ஒரு காட்டு விலங்கின் பெயரை அவனுக்குச் சூட்டினார்கள். அந்தச் சுவரொட்டியை நானும் இரண்டு முறை நின்று படித்திருக்கிறேன்.

மாடியில் அகலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது இவை எல்லாம் வேறொரு வரிசையில் வந்து நின்றன. பஸ்ஸில் என்னை எப்போதும் வலப்பக்கம் உட்காரச் சொன்னது. தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றிவிட்டு அம்மாவைக் கேலி செய்து சமாளித்தது. கூப்பிட்டால் கழுத்தை முழுதாகத் திருப்பிப் பார்த்தது. புதுப் பாணி! பார்க்கும் கண்ணை முன்னால் கொண்டுவருவதற்காக உடம்பையே திருப்பி வைத்திருந்தான்.

"எப்பத்திலேர்ந்துண்ணா?"

"மெட்ராஸ் ஃபைனல். ரெண்டாவது ரவுண்டு." அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "மொதல்ல ஓரத்துல திரை மாதிரி ஒண்ணு எறங்குச்சி. பத்து நாள்ல மொத்தமா மூடிக்கிச்சி."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"காட்டினா? அமெச்சூர்ல ஒவ்வொரு சண்டைக்கும் முன்னாடி டார்ச் அடிச்சி கண்ணப் பாப்பாங்க. அந்த வேலைக்குப் போனா அங்க கண்ணுக்குன்னே தனியா ஒரு டாக்டர். எங்க போனாலும் தெரிஞ்சிடும். புரொஃபஷனல்ல மட்டும்தான் ஒரு காகிதம் போதும்."

"அப்போ பேராசன்னு அப்பா சொன்னப்போ..."

"குருடன்னு சொல்றதுக்கு அது பரவால்ல."

தெருவில் வெடிச் சத்தம் கேட்டது. கீழே அம்மா பொரி உருண்டைக்கு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு சண்ட," என்றேன். "இந்தப் பக்கத்திலேர்ந்து வந்த ஒரு குத்தக்கூட நீ பாக்கல."

"சத்தம் கேக்கும் பாப்பா. குத்த வர்றவன் மூச்ச இழுப்பான். கால் தேயும். ஜாஸ்தி தப்பினதில்ல." இதை அவன் பெருமையாகவே சொன்னான். ஆயிரக்கணக்கானவர்கள் கத்தும் இடத்தில் ஒருவன் மூச்சை இழுக்கும் ஒலியை நம்பி நின்றிருக்கிறான்.

"இன்னொரு கண்ணுக்கும் இதே ஆச்சுன்னா?"

"ஆவாது. இது வெறும் வீக்கம், பத்து நாள்ல வடிஞ்சிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம பத்து ரவுண்டு இருக்கு. தையல் போட்டதால புது சர்டிபிகேட் கேக்கறாங்க. அந்த டாக்டர் அட்டைய மாத்திட்டாராம். நாளைக்கி காலைல போய்ப் பாத்துட்டு வா. பழைய மாதிரியே எழுதிக் குடு."

"மாட்டேன்."

"மாட்டேன்னா? வேலைய விட்டாச்சி. இருபத்தஞ்சு வயசாச்சி. இதையும் விட்டுட்டு அப்பா முன்னாடி என்னான்னு நிப்பேன்?" அவன் கை காற்றில் தேடி, என் தோளைக் கண்டுபிடித்தது. "நீ எழுதினாத்தான் எனக்கு ஏறும். உனக்கே தெரியும்."

கீழே போனோம். அவன் முன்னால் இறங்கினான். பதின்மூன்று படிகளையும் அவன் உதடு அசைய எண்ணுவதை அப்போதுதான் கவனித்தேன். சுற்றிலும் அகல்கள் எரிய, அம்மா அடை வார்த்துக்கொண்டிருந்தாள். லாரி ஷெட்காரரின் குறும்பு அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பா, யாரையும் பார்க்காமல், "அவனுக்கு ரெண்டு அடை சேத்து வை," என்றார். "இந்த வருசம் கரெக்டா பாத்து சொன்னான்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வெல்லத்தை எடுத்து வரும் சாக்கில் சமையலறைக்குள் போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட்டால் அவனிடம் மிஞ்சியிருப்பது போய்விடும். சொல்லாவிட்டால் மிஞ்சியிருக்கும் கண் போய்விடும். இதில் மூன்றாவது வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; இன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எட்டு இருபதுக்கு மருத்துவரின் அறை வாசலில் இருந்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. புது அட்டை சன்னலுக்கு எதிரே தொங்கியது. பார்க்கக் கூடாது என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்த சிறிது நேரத்தில் முதல் இரண்டு வரிகள் தாமாகவே சீர் பிரிந்து ஓசையோடு நின்றன. என் மனத்தை நான் வெறுத்த கணம் அது. எழுந்து அட்டைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டேன்.

"மறுபடியும் தலைவலியாம்மா?" என்று கேட்டார் மருத்துவர்.

"இல்லைங்க சார். எங்கண்ணன் சர்டிபிகேட்டுக்கு வருவாரு. அவரை எழுத்து படிக்கச் சொல்லாதீங்க. வலது கண்ணை மூடிட்டு, இடது கண்ணுக்கு முன்னாடி விரலைக் காட்டி எத்தனைன்னு கேளுங்க."

"எதுக்கு? போன தடவ கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொன்னாரே?"

"அது நான் எழுதினது சார்."

அவருக்கு விளங்கவில்லை. அட்டையின் எழுத்துகளை எப்படி எடுத்தேன், எப்படிக் கட்டினேன், எப்படிப் பழக்கினேன் என்று வரிசை தவறாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. பேனாவை மூடி மேசையில் வைத்தார். "நான் டார்ச் அடிச்சிருக்கணும்," என்றார். பிறகு, "இன்னைக்கே கூட்டிட்டு வா. வெளியில உக்கார வேணாம், நேரா உள்ள வாங்க. வேலூர் ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தரேன். அந்த வலது கண்ணையாவது உடனே பாத்தாகணும்," என்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். தாண்டும் கயிறு மடியில் இருந்தது. என் காலடி ஓசைக்கு முகத்தைத் திருப்பினான்.

"எத்தன வரி?"

"ஏழு."

"எழுதிட்டியா?"

"இல்லண்ணா. சொல்லிட்டேன்."

அவன் கயிற்றை ஒரு கையில் சுற்ற ஆரம்பித்தான். முழுவதும் சுற்றி முடித்தான், பிறகு அவிழ்த்தான். ஏசுவான் என்று காத்திருந்தேன். கட்டிலிலிருந்து காலை இறக்கித் தரையில் செருப்பைத் துழாவினான். ஒன்று கதவோரம் கிடந்தது. அதை எடுத்து வந்து, இரண்டையும் சேர்த்து, அவன் விரலில் படும்படி தள்ளி வைத்தேன்.